பால்வீதி நடுவே ஓர் அனாமத்துக் கணக்கு

ஆடி மாதம் எங்கள் ஊரில் குளிர்காலம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினான்கு வருடமாகியும் இதைச் சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்குகிறது. கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இங்கேயே பிறந்தவர்கள் அதைப் 'பொரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அண்டா கழுவி, பாத்திரத்தை பக்கி வண்டியில் ஏற்றி, வீடு வந்து ஸ்டூப் திண்ணையில் உட்கார எப்படியும் ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் கழுத்தை நேர் மேலே நிமிர்த்தினால் பால்வீதியின் மையம்.

'நேர் மேலே' என்று கணக்காகத்தான் சொல்கிறேன். டர்பன் இருப்பது தெற்கே 29.9 பாகையில். மையம் வானத்தில் தெற்கே 29 பாகையில் இருக்கிறது. ஆகவே தினமும் ஒருமுறை அது எங்கள் உச்சிக்கு ஒரு பாகைக்குள் வந்து போகிறது. மதுரையில் இதே மையம் தென்வானில் பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டுவதோடு சரி. நான் மூல நட்சத்திரம். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று ஊரில் மூன்று வரன் தட்டிப் போனது. டர்பன் வீட்டார் ஜாதகமே கேட்கவில்லை. அந்த மூலம் என்பது விருச்சிகத் தேளின் கொடுக்கு. கையை நீட்டிப் பிடித்து, கொடுக்கிலிருந்து ஒரு முட்டியளவு தனுசுப் பக்கம் தள்ளினால் மையம் வந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் தூசிப்படலம், அதற்கும் அப்பால் 26,000 ஒளியாண்டுக்கு மேல் தூரம்.

அந்தத் திசையிலிருந்து, யாருடையது என்று தெரியாத காமா கதிர், அதாவது எக்ஸ் கதிரையும்விட ஆற்றல் கூடிய ஒளி, வந்துகொண்டிருக்கிறது. பிழைப்புக்கு நான் செய்வது கணக்குத் தணிக்கை. எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை எங்கள் தொழிலில் 'அனாமத்து' என்று தனியே எழுதி வைப்போம். பால்வீதி நடுவில் உள்ள இந்த ஒளி 2009 முதல் அனாமத்தில் கிடக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நிகழ்வை எடுத்து முழுசாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். இந்த மாதம் இது.

நிகழ்வு

ஃபெர்மி விண்தொலைநோக்கி 2008 ஜூன் 11ல் ஏவப்பட்டது. அதில் கண்ணாடி கிடையாது. காமா கதிரைக் கண்ணாடி வைத்துக் குவிக்க முடியாது, துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் டங்ஸ்டன் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காமா ஃபோட்டான் (ஒளித்துகள்) தகட்டில் மோதினால் எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரியும். அந்த இரண்டும் ஓடிய தடத்தைச் சிலிக்கான் பட்டைகள் குறித்துக்கொள்ளும். தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கடைசியில் சீசியம் அயோடைடு கட்டிகள் அதன் ஆற்றலை அளக்கும்.

ஆகவே ஃபெர்மி எடுப்பதைப் படம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பேரேடு. ஒரு ஃபோட்டானுக்கு ஒரு வரி: வந்த நேரம், வந்த திசை, ஆற்றல். இந்தப் பேரேடு 2009லேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. விருப்பமுள்ள யாரும் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கியவர்களில் இருவர் லிசா குட்இனஃபும் டான் ஹூப்பரும். ஒருவர் நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி, மற்றவர் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் இருந்தவர். இருவருமே ஃபெர்மி தொலைநோக்கிக் குழுவில் இல்லை. 2009 அக்டோபரில் அவர்கள் ஒரு கட்டுரை போட்டார்கள். தெரிந்த செலவையெல்லாம் கழித்த பிறகும் மையத்தில் ஒளி மிஞ்சுகிறது, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருள் (டார்க் மேட்டர்) தன்னைத்தானே அழித்துக்கொள்வதால் வருவதாக இருக்கலாம் என்றார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் நம்பியிருக்க மாட்டேன்.

2014க்குள் விவரம் கூடியது. மிச்ச ஒளி மையத்தோடு நிற்காமல் பத்துப் பாகை வரை பரவிக் கிடக்கிறது. ஏறத்தாழ உருண்டை வடிவம். 1 முதல் 3 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் உச்சம் தொட்டு இரண்டு பக்கமும் சரிகிறது. அந்தப் பகுதியிலிருந்து வரும் மொத்தக் காமா ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பத்து சதவீதம் இடிக்கும் கணக்கில் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

கழித்த வரிகளின் ரசீது

அனாமத்துத் தொகையைப் பார்த்ததும் திருடனைத் தேட ஓடுவது புது ஆட்கள் செய்யும் வேலை. மிச்சம் என்பது தனியாக அளந்து பார்த்த ஒன்று கிடையாது, கழித்தலில் கிடைத்தது. கழித்த ஒவ்வொரு வரிக்கும் ரசீது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இங்கே பெரிய செலவு காஸ்மிக் கதிர்களுடையது. புரோட்டான்கள் ஒளிவேகத்துக்கு நெருக்கமாகப் பால்வீதிக்குள் திரிகின்றன. அவை வாயு மேகத்தில் மோதும்போது பயான் என்ற துகள் பிறந்து உடனே இரண்டு காமா ஃபோட்டானாக உடையும். எலெக்ட்ரான்கள் வாயுவைக் கடக்கும்போது கொஞ்சம் காமா சிந்தும். விண்மீன் ஒளியை முட்டி அதை காமா ஆற்றலுக்கு உயர்த்திவிடுவதும் உண்டு. இதற்கு மேல் பட்டியலில் பெயர் போட்ட தனித்தனி மூலங்கள், எல்லாத் திசையிலும் ஒரே சீராக வரும் பின்னணி, 2010ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபெர்மி குமிழிகள். அந்தக் குமிழிகள் மையத்துக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு நீளும்.

வாயு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்பதை வானொலி அலைகளைக் கொண்டு அளக்கிறார்கள். வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்ற வேகத்தை வைத்து அதன் தூரத்தைச் சொல்வது வழக்கமான முறை. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டில் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் நேராக மையத்தைப் பார்க்கும் கோட்டில் வாயு நமக்குக் குறுக்காக ஓடுகிறது. வருவதும் இல்லை, போவதும் இல்லை. அங்கே முறை கைவிட்டுவிடுகிறது. பக்கத்து இடங்களின் அளவை வைத்து இட்டு நிரப்புகிறார்கள். எந்த இடத்தில் ரசீது கட்டாயம் வேண்டுமோ அந்த இடத்தில்தான் ரசீது இல்லை. இந்த வழக்கில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கலோரே, சோலிஸ், வெனிகர் மூவரும் 2014ல் இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு பின்னணி மாதிரியை நம்பாமல் 60 மாதிரிகளைப் போட்டுக் கழித்தார்கள். அறுபதிலும் மிச்சம் வந்தது. மிச்சம் உண்டு என்பதில் அதன்பிறகு பெரிய தகராறு இல்லை. ஆனால் எனக்கு அதிக மரியாதை 2017ல் ஃபெர்மி குழு செய்த வேலை மீதுதான். கரும்பொருள் குவிந்திருக்க வாய்ப்பே இல்லாத இடங்களில், பால்வீதித் தட்டின் நெடுகிலும், அதே கழித்தலைச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் ஒப்பிடத்தக்க அளவு மிச்சங்கள் எட்டிப் பார்த்தன. குற்றமற்ற கிளையிலும் அதே குறை வருகிறதென்றால், குறையில் ஒரு பகுதி கணக்கு எழுதிய கையுடையது.

சந்தேகத்துக்குரியவர்கள்

முதல் ஆள் கரும்பொருள். அது துகள்களால் ஆனது, இரண்டு துகள் மோதினால் அழிந்து வேறு துகள்களாகி முடிவில் காமா கதிராகும் என்று வைத்துக்கொள்வோம். அழிவு, அடர்த்தியின் இருபடிக்கு ஏற்பக் கூடும், ஆகவே மையத்தில் திடீரென்று பிரகாசமாகும். கண்ட மிச்சமும் அப்படித்தான் நடந்துகொண்டது. துகளின் நிறை புரோட்டானைப் போல 30, 40 மடங்கு இருந்தால் ஆற்றல் வரைகோடு கச்சிதமாகப் பொருந்தியது. பெருவெடிப்புக்குப் பின் இன்றுள்ள அளவு கரும்பொருள் மிஞ்ச வேண்டுமானால் அது எந்த வேகத்தில் அழிந்திருக்க வேண்டும் என்று வேறு வழியில் முன்பே கணக்கு உண்டு. இந்த மிச்சத்துக்குத் தேவையான வேகமும் ஏறக்குறைய அதுவேதான். இயற்பியலாளர்கள் ஏன் தூக்கம் கெட்டார்கள் என்பது புரியும். ஆளின் செருப்பு அளவும் வாசலில் கிடந்த தடத்தின் அளவும் ஒன்றாக இருந்தது.

ஆனால் இதே ஆள் வேறு வீட்டில் தடம் வைக்கவில்லை. பால்வீதியைச் சுற்றி வரும் குள்ள விண்மீன் மண்டலங்களில் வாயு கிட்டத்தட்ட இல்லை, இரண்டாவது ஆளாக வரப்போகும் பல்சர்கள் இல்லை, கரும்பொருள் ஏராளம். 15 குள்ள மண்டலங்களை ஆறு வருடத் தரவில் அலசி ஃபெர்மி குழு 2015ல் அறிக்கை கொடுத்தது: காமா இல்லை. மேற்சொன்ன வேகத்தில் அழிந்தால் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். குள்ள மண்டலங்களில் கரும்பொருள் எவ்வளவு என்பதிலேயே பிழை வரம்பு அகலம் என்பதால் வழக்கு அதோடு முடியவில்லை, இறுகியது. பூமிக்கடியில் டன் கணக்கில் செனான் நிரப்பிக் காத்திருக்கும் கருவிகளும் இதுவரை கரும்பொருள் துகள் எதையும் பிடிக்கவில்லை.

இரண்டாவது ஆள் மில்லிநொடிப் பல்சர். செத்த விண்மீனின் கரு; ஊரளவே இருக்கும் நியூட்ரான் உருண்டை. பக்கத்து விண்மீனிலிருந்து பொருளை உறிஞ்சி உறிஞ்சி வேகம் பிடித்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும். இவற்றில் வேகமானது நொடிக்கு 716 சுற்று. பழைய விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் டெர்சான் 5 என்ற கோளக் கொத்தில் இருக்கிறது. கிரைண்டர் கல்லோடு ஒப்பிட நினைத்தேன், கல் வெட்கப்படும். ஃபெர்மி 2023ல் வெளியிட்ட பட்டியலில் காமா துடிக்கும் பல்சர்கள் 294. அதில் பாதியளவு மில்லிநொடி வகை. அவற்றின் ஆற்றல் வரைகோடு சில ஜிகா எலெக்ட்ரான்வோல்டில் உச்சம் தொட்டுச் சரியும். மிச்சத்தின் வரைகோடும் அதே மாதிரிதான். 2011லேயே அபஜாஜியன் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். மையத்தில் ஆயிரக்கணக்கில் இவை இருந்து, ஒவ்வொன்றும் தனியாகத் தெரியாத அளவு மங்கலாக இருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரே மங்கல் ஒளியாகத்தான் தெரியும்.

மூன்றாவதாக, சில லட்சம் வருடங்களுக்கு முன் மையக் கருந்துளை ஒரு தடவை பொங்கிக் காஸ்மிக் கதிரைக் கொட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். உருண்டை வடிவத்தையும் வரைகோட்டையும் ஒன்றாகக் கொண்டுவர அதற்கு நிறையச் சமாளிப்பு வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடுகிறேன்.

கடுகு

சீராகப் பரவிய ஒளியையும் மங்கலான புள்ளிகளின் கூட்டத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? 1 ஜிகா எலெக்ட்ரான்வோல்டில் ஃபெர்மி திசையைச் சொல்வதில் சுமார் 0.8 பாகை பிசகும். முழு நிலா அரைப் பாகைதான். இந்த மங்கலில் தனிப் புள்ளி தெரியாது. ஆனால் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும்.

வகுப்பில் செய்து பார்த்தோம். தரையில் நூறு கட்டம் போட்ட தாள், ஆயிரம் கடுகு. ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் தூவினால் கட்டத்துக்குச் சராசரி பத்து விழும். ஒன்றில் ஏழு, ஒன்றில் பதிமூன்று. ஏற்ற இறக்கம் பத்தின் வர்க்கமூலம், மூன்று சொச்சம். ஒரு கட்டம் முழுக்கக் காலியாகக் கிடக்க வாய்ப்பு ஏறத்தாழ 22,000ல் ஒன்று. இப்போது அதே கடுகை நெய் தொட்டுப் பத்துப் பத்தாக உருட்டி நூறு உருண்டையாக்கித் தூவுங்கள். சராசரி அதே பத்துதான். ஆனால் நூறில் 37 கட்டம் காலியாக இருக்கும், சிலதில் இருபதும் முப்பதும் குவியும். ஏற்ற இறக்கம் மூன்று சொச்சத்திலிருந்து பத்துக்குத் தாவும். உருண்டையைப் பார்க்காமலேயே, எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'இது உருட்டிப் போட்டது' என்று சொல்லிவிடலாம். அந்த அறையின் மூலையில் இன்னமும் கடுகு கிடைக்கிறது; பெருக்குகிறவரிடம் திட்டு வாங்கியாகிவிட்டது.

2015ல் இரண்டு குழுக்கள் இதைத்தான் செய்தன. லீ, லிசான்டி, சஃப்டி, ஸ்லேட்டயர், ஷூ ஐவரும் ஃபோட்டான் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை அளந்தார்கள். பார்டெல்ஸ், கிருஷ்ணமூர்த்தி, வெனிகர் மூவரும் அலைச்சல்லடை (வேவ்லெட்) என்ற கணித முறையைப் போட்டு ஒளியில் சின்னச் சின்ன மேடுகளைத் தேடினார்கள். இரண்டுக்கும் ஒரே விடை: உருட்டிப் போட்டது. 2016 பிப்ரவரியில் இரு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. கரும்பொருளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பல்சரைக் கைது செய்தாகிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஒரு மளிகை மொத்தக்கடை

இங்கே என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடம் முன் ஒரு மசாலா மொத்த வியாபாரி, இரண்டு கிளை. மாதா மாதம் சின்னச் சின்னத் தொகை இடித்தது. ஒரு வாரம் முன்னூறு ரான்ட், ஒரு வாரம் நானூறு, ஒரு வாரம் ஒன்றுமில்லை. மேடும் பள்ளமுமாக இருந்த அந்த வரைபடத்தைப் பார்த்தால் யாரோ கைவைப்பது போலவே இருக்கும். கல்லாவில் இருந்த பெண் மேல் சந்தேகம் விழுந்தது. நானும் கிட்டத்தட்ட அதையே எழுதிவிட்டேன், இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

கடைசியில் விஷயம் டீசல். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த சமயம். ஜெனரேட்டர் செலவை இரண்டு கிளைக்கும் சரிபாதி என்று பிரித்து எழுதியிருந்தார்கள். வடக்குக் கிளை இருந்த வட்டாரத்துக்கு மின்வெட்டு அட்டவணை வேறு, வெட்டு நேரமும் கூடுதல். இல்லாத சமத்தைத் திணித்ததால் மிச்சம் கட்டிகட்டியாகத் தெரிந்தது. எவரும் எதையும் எடுக்கவில்லை.

2019ல் ரெபேக்கா லீனும் டிரேசி ஸ்லேட்டயரும் காமா கணக்கில் இதையே கண்டார்கள். முதலில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். உண்மையான ஃபெர்மி தரவுக்குள் தாங்களே பொய்யாக ஒரு கரும்பொருள் சிக்னலைக் கலந்தார்கள். பிறகு 2015ன் முறையை அதன் மேல் ஓட்டினார்கள். கலந்ததை அது கண்டுபிடிக்கவே இல்லை. கலந்த ஒளியையும் சேர்த்துப் புள்ளி மூலங்களின் கணக்கில் எழுதியது. திருடியதாக நாமே ஒப்புக்கொண்ட தொகையையும் வேறொருவர் தலையில் கட்டும் முறையை என்னவென்று நம்புவது?

அடுத்த ஆண்டு காரணமும் வெளிவந்தது. மிச்ச ஒளி மையத்தின் வடக்கிலும் தெற்கிலும் ஒரே அளவு என்று வார்ப்புரு வைத்திருந்தார்கள். வடக்கையும் தெற்கையும் தனித்தனியாக ஏறி இறங்க விட்டதும், அவர்கள் ஆராய்ந்த பகுதியில் புள்ளி மூலங்களுக்கான ஆதாரம் கரைந்து போனது. கடுகுத் தாளுக்கே திரும்புவோம். மேல் பாதியில் கட்டத்துக்குப் பதினான்கு, கீழ்ப் பாதியில் ஆறு என்று சீராகத் தூவிவிட்டு, 'எல்லாக் கட்டத்துக்கும் பத்து' என்று அடம் பிடியுங்கள். ஏற்ற இறக்கம் மூன்று சொச்சத்திலிருந்து ஐந்தைத் தாண்டும். உருண்டையே பிடிக்காமல் உருண்டை தெரியும்.

டிரேசி ஸ்லேட்டயர் பெயரை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கரும்பொருளுக்குச் சாதகமாக 2014ல் வந்த கட்டுரையில் அவர் இருக்கிறார். அதை வீழ்த்திய 2015 கட்டுரையிலும் இருக்கிறார். அந்த 2015 முறையை உடைத்ததும் அவரே. தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்துத் திருத்தும் தணிக்கையாளரை என் தொழிலில் நான் ஒருவர், இருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். புஷ்மன் குழு 2020ல் இன்னும் நல்ல பின்னணி மாதிரியைப் போட்டு, கலந்த சிக்னலைச் சரியாக மீட்டெடுக்க முடிகிறது, புள்ளி மூலங்களின் சாயலும் குறைந்தபடி மிஞ்சுகிறது என்று காட்டியது. அலைச்சல்லடை முறைக்கு நேர்ந்தது வேறு. ஜோங் முதலியோர், அது கண்ட மேடுகளில் பெரும்பாலானவை ஃபெர்மியின் புதிய பட்டியலில் பெயரோடு இருக்கும் மூலங்கள் என்று கண்டார்கள். அவற்றை மறைத்துவிட்டுக் கழித்தாலும் மிச்ச ஒளி ஏறக்குறைய அப்படியே இருந்தது. மிச்சம் அந்த மேடுகளால் ஆனதில்லை.

வடிவம்

எண்ணிக்கை ஏமாற்றியதும் ஆராய்ச்சி வடிவத்தின் பக்கம் திரும்பியது. பால்வீதியின் நடுப்புடைப்பில் பழைய விண்மீன்கள் உருண்டையாக இல்லை. குறுக்கே ஒரு கட்டையும், பக்கவாட்டில் பார்த்தால் வேர்க்கடலை போன்ற இடுக்கலுமாக இருக்கின்றன. பல்சர்கள் பழைய விண்மீன்களின் எச்சம் என்பதால் அதே வடிவில் பரவியிருக்கும். கரும்பொருள் உருண்டையாக இருக்கும். எனவே வேர்க்கடலையா உருண்டையா என்று பார்த்தால் போதும்.

2018ல் மசியாஸ் குழுவும் பார்டெல்ஸ் குழுவும் தனித்தனியே வேர்க்கடலை என்றன. பிறகு வேறு பின்னணியோடு செய்தவர்கள் உருண்டை என்றார்கள். இது போதாதென்று 2025ல் மூரு, சில்க் முதலியோர் பால்வீதியைப் போன்ற மண்டலங்களைக் கணினியில் வளர்த்துப் பார்த்தார்கள். கரும்பொருளும் அங்கே உருண்டையாக இல்லை, நசுங்கித் தட்டையாகத்தான் இருந்தது. 'வடிவம் உருண்டையில்லை, ஆகவே கரும்பொருள் இல்லை' என்ற வாதம் அதோடு பலமிழந்தது. வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை போட்டுவிட்டா எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?" இதைவிடச் சுருக்கமாக எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

பல்சர் தரப்புக்கும் ஒரு ஓட்டை உண்டு. உறிஞ்சி வேகம் பிடிக்கும் காலத்தில் பல்சர்கள் தம் ஜோடி விண்மீனோடு சேர்ந்து எக்ஸ் கதிர் வீசும் இரட்டைகளாகத் தெரியும். கோளக் கொத்துகளில் இரட்டைக்கு இத்தனை பல்சர் என்று ஒரு விகிதம் இருக்கிறது. மையத்தில் தெரியும் இரட்டைகளை அந்த விகிதத்தில் போட்டால் பல்சர்கள் போதவில்லை. மிச்சத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுகட்டும் என்று சோலிஸ், ஹூப்பர், லிண்டன் கணக்கிட்டார்கள். இதற்குப் பதிலாக 2022ல் கௌதம், கிராக்கர் முதலியோர் வேறு பிறப்புவழி சொன்னார்கள். வெள்ளைக் குள்ள விண்மீன் பொருளை வாங்கி வாங்கிச் சரிந்து நேராக நியூட்ரான் விண்மீனாகிவிடலாம், அந்த வழியில் பிரகாசமான எக்ஸ் கதிர்ப் பருவம் தேவைப்படாது என்றார்கள். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இருப்பதால் ஆள் அங்கே இருந்தான் என்றாகிவிடாது.

கரூவிலிருந்து

ஆளை நேரில் பார்ப்பதுதான் வழி. பல்சருக்கு அது முடியும், ஏனென்றால் அது வானொலியிலும் துடிக்கும். அதற்கு உலகத்தில் நல்ல இடங்களில் ஒன்று எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. வடக்கு கேப் மாகாணத்தில் கார்னார்வன் ஊருக்கு அப்பால், கரூ பொட்டல்வெளியில், மீர்கேட் வானொலித் தொலைநோக்கி: 13.5 மீட்டர் அகலத்தில் 64 வட்டில்கள். மையம் அங்கேயும் உச்சிக்கு அருகில் வருகிறது. இரைச்சல் கூடாது என்று 2007லேயே சட்டம் இயற்றி அந்த வட்டாரத்தைக் காக்கிறார்கள். 2018 ஜூலை 13ல் திறப்பு விழாவில் வெளியிட்ட படமே பால்வீதி மையம்தான். 2022ல் 200 மணி நேரத் தரவைச் சேர்த்து இன்னொன்று வந்தது. நூல் நூலாகத் தொங்கும் காந்த இழைகள் அதில் கிட்டத்தட்ட ஆயிரம் என்று எண்ணியிருக்கிறார்கள். என் மாமனார் டோங்காட்டில் கரும்புக் காட்டு லைனில் பிறந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, "பாவு போட்ட தறி மாதிரி இருக்கேம்மா" என்றார். அவர் தறியைப் பார்த்ததே கிடையாது. அவருடைய ஆயா சொல்லக் கேட்டது.

நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவையும் மையத்தைப் பார்க்கின்றன, ஆனால் ஆயிரம் மடங்கு உயர்ந்த ஆற்றலில். 2016ல் அங்கே கண்ட, காஸ்மிக் கதிரை முடுக்கிவிடும் இடம் வேறு வழக்கு.

மீர்கேட்டின் திறமையில் சந்தேகமில்லை. டெர்சான் 5ல் அதன் உதவியோடு பத்துப் புதிய பல்சர்களை 2024ல் அறிவித்தார்கள். அந்த ஒரே கொத்தில் மொத்தம் 49. மையத்திலிருந்து ஒரு பாகைக்குள் 8.4 மில்லிநொடியில் சுழலும் பல்சர் ஒன்றும் அதே ஆண்டில் பதிவாகியது. ஆனால் தேவை ஆயிரங்களில். இடையில் உள்ள மின்னூட்ட வாயு துடிப்பைச் சிதறடித்து இழுத்துவிடுகிறது. மில்லிநொடி இடைவெளியில் வரும் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்தால் துடிப்பே மறைந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஆகவே இதுவரை தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று எழுத எனக்கு மனமில்லை. மீர்கேட்டும் பின்னால் வரும் எஸ்கேஏ என்ற மாபெரும் வானொலித் தொலைநோக்கியும் புடைப்பில் பத்துக்கணக்கில் தொடங்கி நூற்றுக்கணக்கு வரை பல்சர்களைப் பிடிக்கக்கூடும் என்று கலோரே குழு 2016லேயே மதிப்பிட்டிருக்கிறது. எஸ்கேஏவின் தென்னாப்பிரிக்கப் பகுதியில் மீர்கேட்டின் 64ஐயும் சேர்த்து 197 வட்டில்கள் நிற்கும்.

பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள், நீங்கள் யார் பக்கம் என்று. பல்சர் பக்கம் சாய்கிறேன் என்றேன். காரணம் 2015ன் கடுகுக் கணக்கு இல்லை, அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. மையத்தில் பழைய விண்மீன் இருக்கிறது, பழைய விண்மீன் இருக்கும் கொத்துகளில் பல்சர் இருக்கிறது, பல்சர் இந்த வரைகோட்டைத்தான் காட்டுகிறது. இவை மூன்றுக்கும் ரசீது உண்டு. கரும்பொருள் துகளுக்கு இன்னும் ஒரு ரசீதும் இல்லை. புடைப்பில் ஐம்பது பல்சர் கிடைத்தால் அவற்றின் பிரகாசத்தை அளந்து மொத்தத்தைத் தேற்றலாம். மிச்சத்தில் பாதியை அவை விழுங்கினாலும் மீதிப் பாதிக்கு மறுபடி தனியே புத்தகம் திறக்க வேண்டிவரும்.

போன ஆடியில் ஸ்டூப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிவரை கேட்டார். "பதினாறு வருசமா அனாமத்துல வச்சிருந்தா ஆடிட்டருங்க நீங்க விட்ருவீங்களாம்மா?"

"விட மாட்டோம் மாமா. ஒரு வருசத்துக்கு மேல போனா வரி ஆபீசுலருந்து காகிதம் வந்துரும்."

"அப்ப அவங்களுக்கு யார் காகிதம் அனுப்பறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைப் பூட்ட எழுந்து போனார்.